நாற்பத்தோராம் இலக்கக் கரவனின் மின்காப்புப் பெட்டி

1

கடிதம் ஒரு பக்கம். திகதி யூன் 3. அனுப்பியவர் எங்கள் கம்பிங் இடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர். பெறுநர் 41ஆம் இலக்க இடத்தின் வாடகையாளர், அதாவது நான். நோர்வேஜிய மொழியில் இருப்பதை இயன்றவரை சொல்லுக்குச் சொல் தருகிறேன்:

“மே 30 மாலை நிகழ்ந்த மின்கோளாறில் 40ஆம் இலக்க இடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் ஒரு தொலைக்காட்சியும் பழுதடைந்தன. உங்கள் கரவனில் அங்கீகாரமற்ற மின்வேலை நடந்திருக்கலாம் என்று குழுவுக்குத் தகவல் கிடைத்துள்ளது. கட்டாயமாக்கப்பட்ட மின்னழுத்தக் காப்பு உங்கள் வண்டியில் எப்போது, யாரால் பொருத்தப்பட்டது என்பதைக் காட்டும் மின்பணியாளரின் பத்திரத்தை யூன் 20க்குள் ஒப்படைக்கவும். தவறினால் மின்சாரம் துண்டிக்கப்படும். இட ஒப்பந்தமும் முடிவுக்கு வரும். நல்ல கோடைகாலம் அமையட்டும்.”

கடைசி வாக்கியம் என் கைவேலை அல்ல. இந்த நாட்டில் உங்களை வெளியே தள்ளுகிறவரும் நல்ல கோடை வாழ்த்திவிட்டுத்தான் தள்ளுவார்.

கையெழுத்திட்ட தலைவரின் பெயர் ஓட்வார். 40ஆம் இலக்கக் கரவன் அவருடையது. பழுதான குளிர்சாதனப் பெட்டியும் அவருடையது. தகவல் கொடுத்தவரும் அவராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் யன்னலுக்குள் எட்டிப் பார்க்கும் தூரத்தில் வேறு மனிதர் கிடையாது. முறைப்பாட்டாளர், சாட்சி, நீதிபதி மூவரும் ஒரே ஆள்.

நான் முதன்முதலாக நோர்வேயில் வந்திறங்கியதும் ஒரு யூன் 2தான். கடிதத்தில் திகதி இடப்பட்டது அதற்கு மறுநாள். இடையில் முப்பத்தெட்டு ஆண்டும் ஒரு நாளும்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சில விளக்கங்கள் தேவை. கரவன் என்பது காரின் பின்னால் கொளுவி இழுக்கும் சிறிய வீட்டுவண்டி. கம்பிங் என்பது அப்படியான வண்டிகள் வரிசையாக நிற்கும் கோடைகால முகாம். கரவன் வைத்திருக்கிறான் என்றதும் பெரிய வசதிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது இருபத்தாறு வயதான வண்டி. டயர்கள் மண்ணில் புதைந்துவிட்டன. ஒஸ்லோவிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்தில், ஒரு ஏரிக்கரையில், ஆண்டு வாடகைக்கு எடுத்த இடத்தில் அது அசையாமல் நிற்கிறது. அந்த இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் ஏழு ஆண்டுகள் இருந்தோம். கிடைத்தபோது என் மனைவி சரோ அழுதாள்.

சரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோர்வேயின் வடமுனையில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் வரிசையில் பதினொரு ஆண்டுகள் நின்றவள். பிறகு ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் பக்கத்தில், பள்ளிக்கூடங்கள் துப்புரவாக்கியவள். வலது தோள் இப்போது மேலே எழாது. ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீடு அடுக்குமாடியின் நடுவில் இருக்கிறது. மேல் வீட்டில் யாரோ எந்நேரமும் எதையோ இழுத்துக்கொண்டிருப்பார்கள். கரவனில் படுத்த முதல் நாள் அவள் சொன்னது: “இஞ்சை எனக்கு மேலை ஒருத்தரும் நடக்கேல்லைப்பா.” மே முதல் செப்டெம்பர் வரை அவள் அங்கேதான். அந்த இடம் போனால் எனக்கு ஒரு வாடகை மிச்சம். அவளுக்கு ஆண்டின் ஐந்து மாதங்கள் போய்விடும்.

சென்ற இலையுதிர் காலத்தில் நிர்வாகக் குழு ஒரு சுற்றறிக்கை விட்டது. இடி மின்னலின்போது மின்கம்பிகளில் திடீரென்று அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் பாய்ந்து பொருள்கள் எரிகின்றனவாம். ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் அதைத் தடுக்கும் காப்புப் பெட்டி ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட வேண்டும். செருகியில் மாட்டும் சாமான் செல்லாது. கம்பியை வெட்டி இணைத்ததாக இருக்க வேண்டும். மே நடுப்பகுதிக்கு முன்னர் முடிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

அங்கீகாரம் என்ற சொல்லை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் மின்தொழில்நுட்பம் படித்துச் சான்றிதழ் பெற்றவன் நான். அந்தச் சான்றிதழை ஒஸ்லோவில் உள்ள ஒரு அலுவலகத்துக்கு இரண்டு முறை அனுப்பினேன். முதல் முறை ஒன்பது மாதம் கழித்து, ஒப்பிடத்தக்க பயிற்சி இந்நாட்டில் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாம் முறை, படித்த நிறுவனம் நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். அப்போது எங்கள் பக்கம் சண்டை. நிறுவனத்தின் பதிவேடுகள் எந்தக் கட்டடத்தில் இருந்தன, அந்தக் கட்டடம் இருந்ததா என்பதே தெரியாது. அதையும் எழுதி அனுப்பினேன். கோப்பு மூடப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பாளனாக இருந்தேன். மின்குமிழ் மாற்றலாம். படிக்கட்டில் பனி வழிக்கலாம். மின்பெட்டியின் மூடியைத் திறக்கக்கூடாது. திறப்பதற்கு இருபது வயது நோர்வேஜியன் ஒருவன் வருவான். நான் பக்கத்தில் நின்று ரோச் லைட் பிடிப்பேன்.

3

எங்கள் மகள் ஆரணிக்கு முப்பத்துமூன்று வயது. நாங்கள் பாட்ஸ்பியோர்ட்டில் இருந்தபோது பிறந்தவள். விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தவள் இடையில் விட்டுவிட்டு மின்வேலை பழகப் போனாள். இங்குள்ள நம்மவர்களுக்கு அது நல்ல விருந்து. “பொம்பிளைப் பிள்ளை கரண்டுக் கம்பத்திலை ஏறப் போறாவோ?” என்று கோயிலில் வைத்தே கேட்டார்கள். அவர்கள் கேட்டதை விட மோசமாக நான் வீட்டில் கேட்டேன். “எனக்குத் தரமாட்டம் எண்டு சொன்ன வேலையை நீ போய் ஏனடி பொறுக்கிறாய்?” அதை அவள் இன்னும் மறக்கவில்லை. பிறகு மேற்படிப்பும் படித்துப் பரீட்சை தேறி, இன்று தன் பெயரில் சிறிய மின்பணி நிறுவனம் நடத்துகிறாள். எனக்குக் கிடைக்காத அந்தக் கடதாசி அவளிடம் இருக்கிறது. நான் அதை ஒருமுறைகூடக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 20 அன்று அவளைக் கேட்டேன். “யூன் முதல் கிழமைதான் நேரம் இருக்கு. நானே சாமானும் கொண்டு வாறன். அதுவரைக்கும் தொடாதேங்கோ அப்பா” என்றாள். தொடாதேங்கோ. சொந்த வண்டியைத் தொடுவதற்கு மகளின் அனுமதி.

சரோவின் தம்பி குகன் லண்டனில் இருக்கிறான். அவனிடம் கரவன் கிடையாது. கரவன் வைத்திருப்பவர்களைத் தெரிந்த ஆள் அவன். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

“அத்தான், இஞ்சை எல்லாரும் பூட்டுகினம். கரவனுக்கெண்டே செய்த பெட்டி. பிழையான கரண்ட் வந்தால் உள்ளை விடாது, அவ்வளவு மூளை அதுக்கு. நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்கு ஒரு மணித்தியால வேலை.”

நீங்கள் படிச்ச ஆள். இந்த நாட்டில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவன் அனுப்பிய பெட்டி ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது.

மே 11, ஞாயிறு. காலை பத்தே காலுக்குத் தொடங்கினேன். வெளியே கம்பத்திலிருந்து வரும் நீலச் செருகியைக் கழற்றினேன். கட்டிலுக்குக் கீழே, மின்கம்பி வண்டிக்குள் நுழையும் இடத்தில், பலகையில் பெட்டியை நான்கு திருகாணிகளால் பூட்டினேன். வரும் கம்பியை வெட்டிப் பெட்டியின் ஒரு பக்கம் கொடுத்தேன். மறுபக்கத்திலிருந்து பியூஸ் பலகைக்குக் கொண்டுபோனேன். மண்ணிறம், நீலம், நிலத்தோடு சேரும் எர்த்துக்குப் பச்சை மஞ்சள். ஒவ்வொரு நுனிக்கும் உலோகத் தொப்பி போட்டு நெரித்தேன். எல்லாத் திருகாணிகளையும் இரண்டு தடவை இறுக்கினேன். எவன் வந்து பார்த்தாலும் குறை சொல்லமாட்டான் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

செருகினேன். சிவப்பு விளக்கு. பெட்டி மின்சாரத்தை உள்ளே விடவில்லை. கைந்நூலைப் பார்த்தேன்: நியூட்ரல் இணைப்பில் கோளாறு, தகுதியான மின்பணியாளரை அழைக்கவும். எனக்கு எரிச்சல் வந்தது.

மின்னழுத்த மானியை எடுத்து அளந்தேன். மண்ணிறத்துக்கும் நீலத்துக்கும் இடையே 230 வோல்ட். அது சரி. மண்ணிறத்துக்கும் எர்த்துக்கும் இடையே 132. நீலத்துக்கும் எர்த்துக்கும் இடையே 131. இது சரியில்லை. நான் படித்த மின்சாரத்தில் இரண்டு கம்பிகளில் ஒன்று அடிக்கும், மற்றது அடிக்காது. அடிக்காத கம்பிதான் நியூட்ரல். அதை மின்மாற்றியடியில் நிலத்தோடு சேர்த்திருப்பார்கள். நீலத்துக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றுமே இருக்கக்கூடாது. ஆகவே இந்தக் கம்பிங்கின் நியூட்ரல் எங்கோ அறுந்துகிடக்கிறது என்று முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த முடிவு எனக்குச் சந்தோசமாக இருந்தது. என்னை மூடி திறக்க விடாதவர்களின் வேலை இந்த இலட்சணத்தில் இருக்கிறது என்று பட்டது.

நியூட்ரல் அறுந்தால் என்ன செய்வது என்பது எங்கள் ஊர்ப்பக்கத்தில் மின்வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும். எர்த்தில் போட்டு விளக்கெரிப்பது. ஒருமுறை நல்லூரில் ஒரு கலியாண வீட்டில், பின்னேரம் ஆறு மணிக்கு நியூட்ரல் போய்விட்டது. பந்தல் இருட்டு. நான் கிணற்றடியில் ஒரு இரும்புக் குழாயை அடித்து இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, கம்பியை அதில் கட்டினேன். விளக்குகள் பற்றின. பொம்பிளையின் தகப்பன் என்னை முதல் பந்தியில் இருத்தினார். அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கிணற்றடிக்குக் கால் கழுவப் போய் ஒரு உதறு உதறி விழுந்தார். அதையும் பகிடியாகத்தான் எடுத்தோம். அவரும் சிரித்தார். இன்று யோசித்தால், அவர் எழும்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

ஐந்து அங்குலக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, கரவனுக்குள் நீலத்தையும் எர்த்தையும் சேர்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நேரம் நாலு மணி. சரோவிடம் தேத்தண்ணி வைக்கச் சொன்னேன்.

4

மே 30 மாலை இடியுடன் மழை. எங்கள் வண்டியில் ஒன்றும் ஆகவில்லை. ஓட்வாருடையதில் இரண்டு பொருள்கள் போயின. மறுநாள் காலை அவர் வேலிக்கு அப்பால் நின்று என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதம்.

யூன் 5 அன்று பதில் எழுதினேன். நோர்வேஜியத்தில், கையால், நான்கு பக்கம். சுற்றறிக்கையின் திகதி, பெட்டி வந்த திகதி, பொருத்திய நேரம், இடி இடித்த நேரம் எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் என் அளவுகளைக் கொடுத்து, கம்பிங்கின் நியூட்ரல் அறுந்திருப்பதையும் அதை நான் என் வண்டிக்குள் சரிசெய்திருப்பதையும் விளக்கினேன். நிர்வாகக் குழுதான் எனக்கு விளக்கம் தர வேண்டும் என்று முடித்தேன்.

மறுநாள் கைபேசியில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, பத்திரத்தை எதிர்பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

சரோ எட்டிப் பார்த்தாள். “நாலு பக்கம் எழுதினியள். அவை ஒரு சிரிப்பிலை முடிச்சுப்போட்டினம்.”

பத்திரம் வேண்டும். அதற்கு ஒரே வழி ஆரணி. அன்று பின்னேரமே அழைத்தேன்.

“பிள்ளை, வேலை எல்லாம் முடிஞ்சுது. வடிவாத்தான் செய்திருக்கிறன். நீ வந்து ஒருக்காப் பாத்துப்போட்டு ஒரு கையெழுத்து வை. மே பதினொண்டு எண்டு திகதி போடு.”



“அப்பா. ஒரு நாள் பிந்தித் திகதி போட்டதுக்குக் கோயில் காரியதரிசியோடை ரெண்டு வருசம் கதைக்காமல் இருந்த ஆள் நீங்கள்.”

“அது வேறை.”

“நீங்களோ எனக்குப் பொய்த் திகதி போடச் சொல்லுறியள்?”

“அம்மான்ரை இடம் போகப் போகுது. அதைச் சொல்லு.”

“நான் செய்யாத வேலைக்கு நான் கையெழுத்து வைச்சது தெரிஞ்சால் என்ரை லைசென்ஸ் போகும். எனக்குக் கீழை வேலை செய்யிறவனும் நடுத்தெரு. அது என்ரை ஆன்ஸ்வார், அப்பா.” பொறுப்பு என்ற சொல்லை அவள் எப்போதும் நோர்வேஜியத்தில்தான் சொல்வாள். தமிழில் அவளுக்கு நாங்கள் அதைக் கொடுக்கவில்லை போலும்.

“பெத்த தேப்பனுக்கு ஒரு கையெழுத்து வைக்கேலாதவளுக்கு என்ன லைசென்ஸ்?” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். சொன்னது சொன்னதுதான். இங்கே அதை மென்மையாக்கி எழுதப் போவதில்லை.

5

யூன் 14, சனி. ஆரணி தன் நிறுவனத்தின் வான் வண்டியில் வந்தாள். முன்னறிவித்தல் இல்லை. சரோ அழைத்து அழுதிருக்க வேண்டும்; நான் கேட்கவில்லை. வேலை உடுப்பு, இடுப்பில் கருவிகள். வணக்கமும் இல்லை, தேத்தண்ணியும் வேண்டாம். வெளியே போய்ச் செருகியைக் கழற்றிவிட்டு வந்து, கட்டில் பலகையைத் தூக்கி, ரோச் அடித்துப் பார்த்தாள்.

“நுனியெல்லாம் வடிவா நெரிச்சிருக்கிறியள்” என்றாள். அந்த ஒரு வசனத்துக்காக நான் பெருமைப்பட்டதை மறைக்கவில்லை. அடுத்த வசனம்: “இதென்ன துண்டு?”

“நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்தது. சேர்க்காமல் பெட்டி வேலை செய்யேல்லை. இவங்கடை நியூட்ரல் அறுந்து கிடக்கு.”

அவள் ரோச்சை அணைத்தாள். வண்டியின் படியில் போய் இருந்தாள். நோர்வேஜியத்தில் ஏதோ சொன்னாள். அது இங்கே எழுதக்கூடிய சொல் அல்ல.

“அப்பா, இஞ்சை நியூட்ரல் இல்லை.”

“அதைத்தானே சொல்லுறன், அறுந்திட்டுது.”

“அறுகேல்லை! இல்லவே இல்லை. இந்தப் பழைய கரண்ட் நெட்டிலை ரெண்டு கம்பியும் அடிக்கும். ஒண்டும் நிலத்தோடை சேர்ந்ததில்லை. நூற்றிமுப்பது, நூற்றிமுப்பது, அதுதான் இஞ்சை சரியான கணக்கு. நீங்கள் ஒண்டைக் கொண்டு போய் நிலத்திலை கட்டிப்போட்டியள். கட்டினவுடனை மற்றக் கம்பி கம்பிங் முழுக்க இருநூற்றிமுப்பதுக்கு ஏறியிருக்கும். எல்லாற்றை சாமானும் அந்த அடியைத்தான் தாங்கினது. இன்னொரு வண்டியிலை மற்றக் கம்பி பழுதாகியிருந்தால் நிலத்துக்குள்ளாலை நேரே சோர்ட் சேர்க்கிட். ஆரும் அந்த நேரம் ஈரக்காலோடை நிண்டிருந்தால்?”

“நான் யாழ்ப்பாணத்திலை எத்தினை வீட்டுக்கு வயர் இழுத்தனான் தெரியுமோ உனக்கு?”

“அங்கை சரி. இஞ்சை ஆளைக் கொல்லும்.”

“முப்பத்தெட்டு வருசத்திலை ஒரு நாய் இதை எனக்குச் சொல்லேல்லை.”

“நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை. என்னைக் கூட.”

சரோ நடுவில் வந்தாள். “கத்தாதேங்கோ ரெண்டு பேரும். பக்கத்திலை அவன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்.”

“கேக்கட்டும். அவனுக்குத் தமிழ் விளங்கவே போகுது?” என்றேன்.

“கடிதத்திலை என்ன எழுதினியள்?” என்று ஆரணி கேட்டாள். நான் சொன்னேன். மூன்றாம் பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். விரல்களுக்கிடையால் சொன்னாள்: “வாசிச்சிருந்தால் சிரிப்பு முகம் வந்திருக்காது. பொலிஸ் வந்திருக்கும்.”

ஓட்வார் கோப்பிக் கோப்பையுடன் வேலிக்கு வந்துவிட்டார். அவர் பேசியதையும் ஆரணி அவருக்குச் சொன்னதையும் தமிழில் தருகிறேன்.

“என்ன கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டவர், அவள் வாய் திறக்கும் முன் என்னைப் பார்த்து, “உங்கள் மகளா? நல்ல நோர்வேஜிய மொழி பேசுவார் என்று நினைக்கிறேன்” என்றார்.

ஆரணி வடமுனையின் கொச்சையில், பாட்ஸ்பியோர்ட் துறைமுகத்தில் மீன் இறக்குகிறவர்களின் பேச்சில் பதில் சொன்னாள். ஒஸ்லோக்காரர்களுக்கு அது கொஞ்சம் பயம் தரும் பேச்சு. “இந்த வண்டியில் இருந்த பெட்டி இந்த நாட்டு மின்சாரத்துக்கு ஏற்றதல்ல. அகற்றிவிட்டுப் புதியது பொருத்துகிறேன். கம்பிங்கின் மின்னறைக் கதவுத் திறப்பு வேண்டும்.”

“பழையதை யார் பொருத்தியது?”

நான் வாயெடுத்தேன். அவள் திரும்பாமலே தமிழில் சொன்னாள்: “வாயைத் திறவாதேங்கோ அப்பா.” பிறகு அவரிடம்: “அதற்கான பத்திரம் இங்கே இல்லை. இன்று நான் செய்வதை நான் எழுதுவேன்.”

மூவரும் மின்னறைக்குப் போனோம். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிலத்தோடு எங்கோ ஒரு கம்பி சேர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் விளக்கு அது. எங்கள் வண்டியின் செருகி அப்போது கழற்றித்தான் கிடந்தது. ஆகவே இன்னொரு வண்டியிலும் பழுது இருக்கிறது.

“இது எப்போதிருந்து எரிகிறது?” என்று ஆரணி கேட்டாள்.

ஓட்வார் தோளைக் குலுக்கினார். “எப்போதும் எரியும். போன வருடமும் எரிந்தது. மின்சாரம் இருக்கிறது என்பதற்கான விளக்கு அல்லவா?”

நிர்வாகக் குழுத் தலைவர். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அடுத்த கணம் அது அங்கேயே நின்றுவிட்டது. போன வருடமே பழுது இருந்திருந்தால், மே 11 அன்று என் மானி 132, 131 என்று இரண்டு சம எண்களைக் காட்டியிருக்காது. ஒன்று பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அதாவது அவர் சொல்வது தவறு. மற்றப் பழுது வந்தது மே 11க்குப் பிறகு. ஏறிய அழுத்தத்தைத் தாங்காமல் வந்த பழுதாகவும் அது இருக்கலாம். என்னைக் காப்பாற்றும் பொய்யை ஓட்வார் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மறுக்கும் அளவு என் நாட்குறிப்பில் இருந்தது. ஆரணி என்னைப் பார்த்தாள். அவளும் அதே கணக்கைப் போட்டுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“அப்படியானால் எல்லா வண்டியையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். குழு கேட்டால் நான் செய்து தருவேன், அறிக்கையும் எழுதுவேன்” என்றாள் ஆரணி. பிறகு வெளியே வந்து, 40ஆம் இலக்க வண்டிப் பக்கம் நடந்தாள். அங்கே வண்டியோடு ஒட்டிக் கட்டிய பலகைக் கூடாரத்துக்குக் கீழால், புல்லோடு புல்லாக, எந்த மின்பணியாளரும் போட்டிராத, நாடா சுற்றிய வெள்ளைக் கம்பி ஒன்று ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “விரும்பினால் இங்கிருந்து தொடங்கலாம்.”

ஓட்வார் கோப்பையைப் பார்த்தார். கோப்பி ஆறிவிட்டது என்றார். போய்விட்டார்.

ஆரணி மூன்றரை மணித்தியாலம் வேலை செய்தாள். என் பெட்டியைக் கழற்றினாள், ஐந்து அங்குலத் துண்டையும் கழற்றினாள், தான் கொண்டுவந்ததைப் பொருத்தினாள். இரண்டு கம்பிகளையும் ஒன்றாக வெட்டும் விசையும் போட்டாள். நான் ரோச் பிடிக்கப் போனேன். “வேண்டாம், தலையிலை லைட் இருக்கு” என்றாள்.

முடிந்ததும் மடியில் பலகையை வைத்துப் பத்திரம் எழுதினாள். யூன் 14 என்று திகதியிட்டாள். நான் தோளுக்கு மேலால் வாசித்தேன். முந்தைய சாதனம் அகற்றப்பட்டது, பொருத்தியவர் பற்றிய ஆவணம் இல்லை, அகற்றிய சாதனம் சோதிக்கப்படவில்லை.

“என்ரை இணைப்பாலையோ அவன்ரை சாமான் எரிஞ்சது?” என்று கேட்டேன்.

“தெரியாது.”

“பெட்டி உன்னட்டைத்தானே இருக்கு. உள்ளை திறந்து பாத்தால் தெரியும்தானே. ஏன் சோதிக்கேல்லை?”

“சோதிச்சால் எழுத வேணும் அப்பா.”

பெட்டியையும் கம்பித் துண்டையும் வான் வண்டியின் பின்னால் போட்டாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். சாரதி இருக்கையில் ஏறி இருந்த பிறகு, கண்ணாடியை இறக்கி, என்னை அல்ல, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்:

“இண்டைக்கு ஒரு மனுசனை வெருட்டினனான். எழுதவேண்டிய ஒண்டை எழுதாமல் விட்டனான். பதினாலு வருசத்திலை இதுதான் முதல்தரம். என்னையும் உங்களைப்போல ஆக்கிப்போட்டியள்.”

6

யூன் 18 அன்று குழு பத்திரத்தை ஏற்றுக்கொண்டது. இம்முறை சிரிப்பு முகம் இல்லை. இடம் எங்களிடமே இருக்கிறது. சரோ மேலே யாரும் நடக்காத கூரையின் கீழ் தூங்குகிறாள். ஓட்வார் புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டார், பழையதை மீள்சுழற்சி நிலையத்தில் கொடுத்துவிட்டார். வெள்ளைக் கம்பியை இப்போது காணவில்லை. எல்லா வண்டிகளையும் சோதிப்பதைப் பற்றி இலையுதிர் காலக் கூட்டத்தில் பேசலாம் என்று அறிவித்தல் பலகையில் போட்டிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறதா என்று எனக்குத் தெரியாது, திறப்பு அவரிடம். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிறோம். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பகை கிடையாது.

ஆரணி யூலை முழுக்க வரவில்லை. தாயோடு பேசுகிறாள். நான் அழைத்தால் எப்போதும் ஏணியில் நிற்கிறாள்.

இதைத் தமிழில் எழுதுவதால் ஓட்வார் வாசிக்கப் போவதில்லை. நம்மவர்கள் வாசிப்பார்கள், நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள், கோயிலில் கதைப்பார்கள். கதைக்கட்டும். ஆனால் சரியாகக் கதைக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து வைக்கிறேன். மே 11 அன்று, நான் கேட்காமல், தெரியாமல், தவறான இணைப்பைப் போட்டேன். இது உறுதி. மே 30 மாலை 40ஆம் இலக்கக் கரவனில் இரண்டு பொருள்கள் எரிந்தன. இதுவும் உறுதி. அவை எரிந்தது என் இணைப்பாலா, மின்னலாலா, இன்னும் கண்டுபிடிக்கப்படாத வேறொரு வண்டியின் பழுதாலா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. உறுதிப்படுத்தக்கூடிய ஒரே ஆள் என் மகள். அவளிடம் நான் மறுபடி கேட்கவில்லை.